இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்

என் தம்பிக்கு உலகம் முழுக்க வீடு. இதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான், முதுகுக்குப் பின்னால் ஒரு மலையை நிறுத்தி வைத்துக்கொண்டு. பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் உருகிப்போனார்கள். அப்படிப்பட்டவனுக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது வேறு விஷயம்.

ஒரு காலத்தில் எங்கள் மாமா அவனை ஊர்சுற்றி என்று திட்டுவார். ஒரு இடத்தில் கால் தரிக்காது, இது உருப்படவே உருப்படாது என்பார். பிறகு அவனுடைய பயண வீடியோக்களை ஊரே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. அதே மாமா அதே வார்த்தையைப் பட்டம் மாதிரி நீட்டி முழக்கிச் சொல்ல ஆரம்பித்தார். இப்போது அந்தப் பெயரில்தான் அவன் சேனலே நடக்கிறது.

நான் ஊர்சுற்றியின் அக்கா. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை, பாஸ்போர்ட் போட்டோவும் விசா போட்டோவும்தான் பிழைப்பு. வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்லி, கடைசியில் சிரிக்காதீர்கள் என்பேன். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் சிரிக்கச் சொல்லிச் சம்பாதிக்கிறார்கள். சந்தோஷமாகக் கிளம்புகிற மனிதர்களைத் திருடன் மாதிரி ஆக்கி அனுப்புவது என் தொழில். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தியும் உண்டு, மறைப்பானேன்.

வயிற்றெரிச்சல் என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவனுடைய புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. சின்ன வயதில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், அங்கே ஒரு ஏரியைப் பார்த்து, இதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டானாம். அன்றைக்கு ஆரம்பித்த தாகமாம். பஸ் ஏறியது நான். ஜன்னலோரம் பிடித்து, அடுத்து என்ன வரும், அடுத்து என்ன வரும் என்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு போனதும் நான். இவனை வீட்டில் விட்டால் போட்டுக்கொடுத்துவிடுவானே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க அழுதான். ஏரிக்கரையில் நின்று அவன் கேட்ட ஒரே கேள்வி, வீட்டுக்கு எப்போது போவோம் என்பது. வீட்டுக்கு வந்து அடி வாங்கியதும் நான்தான். அவன் சொல்கிற கதையில் நான் இல்லை, அடியும் இல்லை. ஏரி மட்டும் இருக்கிறது.

குடும்பத்தைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் கல்லும் கரையும். குடும்பம் ஒரு நங்கூரம், அது இருக்கிற தைரியத்தில்தான் நான் கடலில் இறங்குகிறேன் என்றான் ஒருமுறை. நங்கூரம் சேற்றில் கிடக்கிறது, அதனிடம் போய்க் கடல் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்னொருமுறை, என் அம்மாவின் கால்களே என் சிறகுகள் என்றான். அதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா முறைத்தாள்.

சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து, இடுப்பும் கைவிட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. வாக்கர் இல்லாமல் கட்டிலிலிருந்து குளியலறைக்குக்கூட அவளால் போக முடியாது. இது என் தம்பிக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் அம்மா, அமல்படுத்துகிறவள் நான்.

அவனுக்கென்று அம்மாவிடம் ஒரு போன் குரல் இருக்கிறது. போன் அடித்ததும் நிமிர்ந்து உட்காருவாள். தொண்டையைச் செருமிக்கொள்வாள். வலியில் முனகிக்கொண்டிருந்தவள் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று, "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீ ஒண்ணும் கவலைப்படாத" என்பாள். அப்பாவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தபோதும் இதே குரல்தான். அப்பா தூங்குறார், எழுந்ததும் பேசச் சொல்றேன் என்றாள். அப்பா எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த தம்பி, விடைபெற முடியாமல் போன மகனின் வலி என்று ஒரு வீடியோ போட்டான். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான்.

அவன் வருகிறான் என்றால் வீட்டுக்கு வேஷம் கட்ட வேண்டும். வாக்கர் பரணுக்குப் போகும். அவசரத்துக்கு அம்மா உட்காரும் ஓட்டை போட்ட நாற்காலி பக்கத்து வீட்டுக்குப் போகும். மாத்திரை டப்பா அரிசி டின்னுக்குள் ஒளிந்துகொள்ளும். அம்மாவைக் குளிப்பாட்ட வருகிற பெண்ணை, சும்மா பேசிவிட்டுப் போக வந்த பக்கத்துத் தெருத் தோழி என்று அறிமுகம் செய்வாள் அம்மா. அந்தப் பெண்ணும் பாவம், சும்மா பேசிவிட்டுப் போவாள். அம்மா சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் ராணி மாதிரி உட்கார்ந்து, நான் சமைத்ததைத் தன் கையால் பரிமாறுவாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ருசி எந்த நாட்டிலும் இல்லைம்மா என்பான். சமைத்த நான் ரசம் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பேன்.

அவன் கிளம்புவதுதான் பெரிய காட்சி. அம்மா கேட் வரைக்கும் நடந்து போய் நின்று கை அசைக்க வேண்டும், அவன் காரில் உட்கார்ந்தபடி அதைப் படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பயணமும் அந்தக் கையசைப்பில்தான் தொடங்கும். அப்போது நான் அம்மாவுக்குப் பின்னால் ஒட்டி நின்று, சால்வைக்கு அடியில் கையை விட்டு அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்திருப்பேன். கார் முனை திரும்பியதும் அவள் கால்கள் மடியும், அப்படியே தாங்கி உள்ளே கொண்டு போவேன். அந்த வீடியோக்களைக் கவனித்துப் பார்த்தால் சால்வையின் ஓரத்தில் நான்கு விரல்கள் தெரியும். இத்தனை லட்சம் பேரில் ஒருவர்கூட அவை யாருடைய விரல்கள் என்று கேட்டதில்லை.

பதிலுக்கு அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஊர் ஊராகத் தங்கிய ஓட்டல்களிலிருந்து சோப்பு கொண்டுவந்து கொடுப்பான். நான் கடையில் சோப்பு வாங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. உலகத்தின் எல்லாக் கண்டங்களும் என் முதுகைத் தேய்த்திருக்கின்றன.

இந்த வருஷம் எனக்கும் பைத்தியம் பிடித்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கடைக்குப் போட்டோ எடுக்க வந்த ஒரு அம்மாள், வயது என்னைவிட அதிகம், தனியாக ரயிலில் ஊர் சுற்றப் போவதாகச் சொன்னாள். கடலோரமாகவே பத்து நாள் போகும் சுற்றுலா ரயிலாம். ரயிலிலேயே படுக்கை, ரயிலிலேயே சாப்பாடு. வீட்டிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்களா என்று கேட்டேன். எதுக்குக் கூப்பிடணும் என்றாள். அன்றைக்கு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, அதே ஸ்டூலில் நானே உட்கார்ந்து, டைமர் வைத்து என்னைப் படம் எடுத்துக்கொண்டேன். காது தெரிந்தது, வாய் மூடியிருந்தது, கண் மட்டும் சிரித்துத் தொலைத்தது. ஏழெட்டு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. ரயில் டிக்கெட்டுக்குப் போட்டோவே தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்கு மலையும் அருவியும் வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும், யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. தம்பிக்குப் போன் போட்டு, பத்து நாள் வந்து அம்மாவோடு இருக்க முடியுமா என்று கேட்டேன். இதுவரை அவனிடம் நான் எதுவும் கேட்டதில்லை. உடனே ஒப்புக்கொண்டான், சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டான். நீ ஜாலியாப் போயிட்டு வாக்கா, எனக்கும் அம்மா சமையலச் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்றான். வந்து நேரில் பார்த்தால் தெரிந்துகொள்வான், நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. அவன் வருகிற அன்று காலையில் நான் கடையிலிருந்து வருவதற்குள், குளிப்பாட்ட வருகிற பெண்ணை ஏவி, வாக்கரைப் பரணில் ஏற்றியிருந்தாள் அம்மா. உதட்டுக்குச் சாயம்கூட லேசாகப் பூசியிருந்தாள். மறுநாள் மாலை மொட்டை மாடியில் சூரியன் மறைவதை அம்மாவோடு உட்கார்ந்து படம் பிடிக்க வேண்டும் என்றான் அவன். இவள் சரி என்றாள். அவன் மேலே கேமராவை நிறுத்திக்கொண்டிருக்க, நான் பின்னாலிருந்து மூட்டை தள்ளுகிற மாதிரி தள்ள, ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். கடைசி இரண்டு படிகளைத் தனியாக ஏறினாள், சிரித்துக்கொண்டே. அந்த இரண்டு படிகள்தான் வீடியோவில் வந்தன. அவற்றுக்கு விலையாக அடுத்த நாள் முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. தலைவலி என்று அவனிடம் சொல்லப்பட்டது.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் தம்பி கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, போய் இறங்கியதும் வாங்குகிற விசாவுக்குப் புது போட்டோ வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டேன். ஒரு பெரிய அரங்கில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம், பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லையாம். என்ன தலைப்பு என்றேன். குடும்பப் பிணைப்பும் பயணமும் என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்ன நெளிவுகூட இல்லை. மறுநாளே கிளம்புகிறானாம், எனக்குப் பின்னாலேயே.

"அப்ப அம்மா?"

"அம்மாக்கு என்னக்கா? நல்லாத்தானே இருக்காங்க."

முகத்தை நேராக வை, வாயை மூடு என்றேன். வைத்தான். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கர், பரண், அரிசி டின், நாற்காலி, சால்வைக்குள் என் கை, எதையும் விடவில்லை. விசா போட்டோவுக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தவன் முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. படம் எடுத்து முடித்ததும் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். போனை எடுத்து, அம்மா மாடிப்படி ஏறி வருகிற வீடியோவைக் காட்டினான்.

"நேத்து எடுத்ததுக்கா இது. நீ ரொம்ப நாளா தனியாப் பாத்துக்கறல்ல, அதனால எல்லாமே பெருசாத் தெரியுது. அதுக்குப் பேரே இருக்கு. நீ கண்டிப்பா ஒரு பயணம் போகணும்."

அவன் கண்ணில் நிஜமான இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு படி ஏறிய அம்மாவுக்குச் சாட்சி இருந்தது. மற்ற படிகளைத் தள்ளிய என்னிடம் தோள்வலி மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அவன் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா எதிரில் உட்கார்ந்தேன். நீயே அவனிடம் சொல்லு என்றேன். வலியில் முகம் வெளுத்துப் படுத்திருந்தவள், அவன் தொலைதூரம் போகிறவன், மனசில் பாரத்தோடு போனால் வழியில் ஏதாவது ஆகிவிடும் என்றாள். நானும் நாளைக்குத் தொலைதூரம்தான் போகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

"அவன் போகட்டும்டி. நீ அடுத்த வருஷம் போயேன். ரயில் எங்க ஓடிடப் போகுது?"

சொல்லிவிட்டு, எனக்குத் துணையாக இருப்பவள் நீதானே என்கிற மாதிரி சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் அவன்மேல் வளர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் விலாசம் மாறிப்போனது. அவன் பார்க்கவில்லை, அதனால் அவனுக்குத் தெரியாது. இவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அவனுக்கு உலகத்தையும் எனக்கு அடுத்த வருஷத்தையும் எழுதி வைத்திருக்கிறாள்.

எழுந்து போய்ப் பெட்டியை அடுக்கினேன். ஓட்டல் சோப்பு நிறைய இருந்தது, ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, பெட்டியோடு கூடத்துக்கு வந்தேன். நான் கிளம்பப் போவதில்லை, பையன் போனதும் வாக்கரை இறக்குவேன் என்று அம்மா உறுதியாக நம்பியிருந்தது அவள் முகத்திலிருந்தே தெரிந்தது. பெட்டியைப் பார்த்ததும் அந்த முகம் ஒரு கணம் ஆடியது. தம்பிக்கு ஒரே குஷி. அக்காவோட முதல் பயணம், இத எடுக்காம விடுவேனா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவுக்கு ஓடினான். அம்மா, நீங்களும் கேட்டுக்கு வாங்க, எப்பவும் எனக்குக் கை காட்டுவீங்களே, இன்னிக்கு அக்காவுக்குக் காட்டுங்க என்று அங்கிருந்து கத்தினான்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா அதைச் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கேட் கம்பியில் அவள் ஒரு கையை வைத்துக்கொண்டதும் நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்காக டாக்ஸி நின்றிருந்தது. தம்பி கொஞ்சம் தள்ளி நின்று, அம்மா, கைய அசைங்க என்றான்.

அம்மா கம்பியிலிருந்த கையை எடுத்து அசைத்தாள். இன்னொரு கை பழக்கத்தில் பின்னால் போய், சால்வைக்குள் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. திரும்பத் துழாவியது. நான் பெட்டியோடு அவளுக்கு எதிரில், தெருவில் நின்றிருந்தேன். அம்மாவை முன்னாலிருந்து அந்த இடத்தில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சிரித்த முகத்துக்குக் கீழே முழங்கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"கேமராவைக் கீழ போட்டுட்டு அம்மாவைப் பிடிடா" என்றேன்.

அவன் இன்னும் திரைக்குள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் இந்தத் தடவை திரையிலேயே அது தெரிந்தது. கேமரா தார் ரோட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பாய்ந்து போய், மடிந்து சரிந்தவளை நெஞ்சோடு தாங்கிக்கொண்டான். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அக்குளில் பிடித்தான், அவள் வலியில் கத்தினாள். இடுப்புல பிடி, உன் பக்கம் சாய்ச்சுக்கோ என்றேன். பிடித்தான். அவள் பாரத்தோடு நிமிர முடியாமல், கேட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். ஏரிக்கரையில் பார்த்த அதே மூஞ்சி.

வாக்கர் பரணில், மாத்திரை அரிசி டின்னில், அந்தப் பெண் எட்டு மணிக்கு வருவாள், அவள் தோழி இல்லை என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் கை பரபரத்தது. அந்தக் கையால் பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் வைத்தேன். அவனை ஏற்றிப்போக வந்த கார் எதிரில் வந்ததைத் தெருமுனையில் பார்த்தேன். அது காலியாகத்தான் திரும்பியிருக்கும்.

ரயிலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதெல்லாம் தம்பியின் துறை. ஜன்னலோரம் கிடைத்தது. கடல் வந்தது, உப்பளம் வந்தது, ஒரு சிமெண்ட் தொழிற்சாலை வந்தது, அதையும் கண் எடுக்காமல் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் நாள் காலையில், யாரும் கூப்பிடாதது காதில் இரைச்சலாகக் கேட்க ஆரம்பித்தது. போனை எடுத்து நானே கூப்பிட்டேன்.

எடுத்தவள் அம்மா. பின்னால் பாத்திரம் ஒன்று உருண்டு விழுகிற சத்தம், எதையோ தேடிக்கொண்டு அவன் கத்துகிற சத்தம், தண்ணீர் வழிந்து ஓடுகிற சத்தம், மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் நிமிர்ந்து உட்காருவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாள் கணீரென்று. "நீ ஒண்ணும் கவலைப்படாத."

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வெளியே கடல் இன்னும் வந்துகொண்டிருந்தது. அங்கே எல்லாரும் நல்லா இருக்கிறார்கள் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் தம்பிக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.